அரைப் பேர்

அந்தப் படத்தில் நான்தான் பேய்.
ஆகவே என் பேச்சில் சாய்வு இருக்கும்,
கழித்துக்கொண்டு கேளுங்கள்.

மஸ்கெலியாப் பக்கம் மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோரில்
ஐந்து இரவு எடுத்தார்கள்.
நாலு பொடியன்கள் காணாமற்போகிறார்கள்,
தேயிலைக்கடியில் கெமரா மட்டும் கிடைக்கிறது,
அதில் பதிந்தது பதிந்தபடி.
எடுத்தவன் நிரோஜன்,
கல்யாண வீடியோ பிடிப்பவன்.
கூந்தலைப் பார்த்து என்னைக் கேட்டான்.
இரண்டாயிரம் ரூபா, இரவுச் சோறு, போகவர ஓட்டோ.

ஹட்டனில் ஒரு ஹோலில் போட்டுக் காட்டினார்கள்.
பிளாஸ்டிக் கதிரை,
வெள்ளைத் துணி கொஞ்சம் சின்னது.

மூட்டத்துக்கு அவன் சம்பளம் கொடுக்கவில்லை,
அதுதான் எல்லாரையும்விட நன்றாக நடித்தது.
டோர்ச் வெளிச்சம் மூன்றடி போய்
சுவரில் முட்டியதுபோல் நிற்கும்.
விடியக்காலை நாலு மணிக்குக்
கக்கூசுக்குப் போன எவளுக்கும் அந்தச் சுவரைத் தெரியும்.

தகரத்தில் ஒரு சொட்டு விழும்.
அடுத்தது விழாது.
விழாமலே இருக்கும்.
பக்கத்துக் கதிரை ஓட்டோக்காரர்
என் கையைப் பிடித்துக்கொண்டார்,
பேயின் கை என்று தெரியாமல்.

பிறகு கெமரா கீழே விழுகிறது.
சரிந்த புல், ஒற்றைச் செருப்பு, யாரோ மூச்சுவிடும் சத்தம்.
ஆளே இல்லை.
அந்த அரை நிமிடத்துக்காக
நிரோஜனுக்கு எதையும் மன்னிக்கலாம்.

எதையும் என்றால் எதையும் இல்லை.
ஐந்து இரவும் சாகாத பெட்டரி;
என் போன் டவுனுக்கு இறங்குமுன் செத்துவிடும்.
ஐப்பசி மழையில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்,
ஒருவனையும் அட்டை கடிக்கவில்லை.
படம்பிடிக்கும்போது நான் மட்டும் ஏழு பிடுங்கினேன்.
உயிருக்கு ஓடுகிறவன்
கெமராவையா இறுக்கிப் பிடிப்பான் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
நானும் தலையாட்டினேன்.
பிறகு நினைவு வந்தது:
மண் சரிந்த ராத்திரி நான் ஓடியபோது
என் கையில் தேங்காய்த் துருவலை இருந்தது.
ஏன் எடுத்தேன், இன்றைக்கும் தெரியாது.
அதனால் அந்தக் குறையை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் என் முகம்.
கடைசி வரைக்கும் நான் ஒரு சத்தம், கொஞ்சம் மயிர்.
அப்படியே விட்டிருக்கலாம்.
நாடிக்குக் கீழே டோர்ச் பிடித்து,
கோதுமை மா பூசி, முதுகில் கூடை மாட்டி
நடு ஸ்டோரில் நிறுத்தினான்.
"ஏய், நம்ம கோமளா!" என்றது ஒரு குரல்.
ஹோலே சிரித்தது. பயம் எழும்பிப் போய்விட்டது.

செத்த பிறகுமாடா கொழுந்து என்று
அன்றைக்கே கேட்டேன்.
லுக் அக்கா, லுக் என்றான்.
மேலே துரை பங்களாவும்தான் பாழடைந்து கிடக்கிறது,
எட்டு அறை, மூன்று கணப்பு.
பேயாக வரச்சொல்லி
ஒரு துரையையும் எவனும் கேட்பதில்லை.

இன்னொன்று.
தொடக்கத்தில் கறுப்பில் வெள்ளை எழுத்து வரும்:
"பதினொரு நாள் தேடுதலின் பின்
மீட்கப்பட்ட காட்சிகள்."
எல்லாரும் அடங்கிப்போன அந்த இடத்தில்
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் மூன்றாம் லயத்தை
மூன்று நாள் தோண்டினார்கள்.
நாலாம் நாள் மழை,
பெக்கோ கீழே இறங்கிப் போனது.
ஒரு கெமராவுக்குப் பதினொரு நாளா?
படத்தில் நான் நம்பாத ஒரே இடம் அது.
பேயைக்கூட நம்பினேன்.

கடைசியில் பெயர்கள் ஓடின.
துணி போதாமல் ஓரத்தில் வெட்டுப்பட்டு
"பேய்: கோமளே" என்று நின்றது.
ஸ்வரி சுவரில் விழுந்திருக்கும்.
கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள், பழகியதுதான்.
இங்கே எது குறைந்தது என்று கேட்கவில்லை.

இரண்டாம் பாகமும் எடுக்கிறானாம்.
கூடை இல்லாமல் என்றால் வருகிறேன் என்றேன்.
யோசிக்கிறேன் அக்கா என்றான்.